மிளகாய்ப் பூ ஏன் உதிர்கிறது?

செடி தளதளவென்று நிற்கிறது, வெள்ளைப் பூவும் நிறையப் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்காமல் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் மிளகாய் வளர்க்கும் பலருக்கும் இந்தக் கவலை உண்டு. உடனே உரத்தை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும், பூ நிற்காது.

பல நேரம் காரணம் நம் ஊர் இரவுதான். செடி பகலில் வெயிலை வைத்துச் சர்க்கரை செய்கிறது, இரவில் சுவாசித்து அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது, இரவு எவ்வளவு வெக்கையோ அவ்வளவு செலவு. சிங்கப்பூரில் பகலில் 31, 32 டிகிரி, விடியும்வரை 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதே இல்லை. இந்தச் சூட்டில், மொட்டுக்குள் உருவாகும் மகரந்தத்துக்குப் போதுமான சர்க்கரை சேராமல் அது முளைக்கும் திறனை இழக்கிறது. கருவுற்ற சூலிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் வந்துகொண்டிருந்தால்தான் காம்பு பூவைப் பிடித்துவைத்திருக்கும். அது வராவிட்டால் காம்பின் மூட்டில் உள்ள செல்கள் பிரிந்து, பூ விழுந்துவிடும்.

அதனால்தான் குடைமிளகாய் இங்கே இவ்வளவு படுத்துகிறது. அதை விட்டுவிட்டுச் சில்லி பாடி என்ற சிறு காரமிளகாயை நடுங்கள் என்பேன். சிறு காய் வகைகள் பொதுவாக இந்தச் சூட்டைத் தாங்கிக் காய்க்கும், பனிக்காலம் இல்லாததால் ஒரே செடி சில வருடங்கள்கூட இருக்கும். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும், ஆனால் அது சூல்முடியில் விழக் கொஞ்சம் அசைவு தேவை. திறந்த தாழ்வாரத்தில் காற்றே அதைச் செய்துவிடும், சன்னலை மூடிவைத்த வீட்டுக்குள் என்றால் காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், வேரும் அழுகும், டெங்கிக் கொசுவும் வரும்.

சரி, எப்போது பறிப்பது? தக்காளியைப் போல மிளகாயைப் பச்சையாகப் பறித்துவைத்துப் பழுக்கவைக்கலாம் என்று நம்ப முடியாது. பறித்தபின் ஓரளவு நிறம் மாறலாம், செடியில் பழுத்த ருசி வராது. சம்பால் என்ற மிளகாய் விழுதுக்குச் சிவப்பு வேண்டுமென்றால் செடியிலேயே விடுங்கள். பச்சையம் சிதைந்து கேப்சாந்தின் என்ற சிவப்பு நிறமி கூடுவதுதான் நாம் பார்க்கும் நிறமாற்றம். அதற்காக எல்லாவற்றையும் பழுக்க விட்டால், முற்றும் விதைகளுக்கே செடி சத்தை அனுப்பும், புதுப் பூ குறைந்துவிடும். பாதியைப் பச்சையாகவே பறித்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

காரம் விதையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறோம். உண்மையில் காரம் தரும் கேப்சைசின் சுரப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில், விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் நமக்கு உணர்த்தும், நரம்பு முனையில் உள்ள உணர்வு வாங்கியில்தான் (receptor) அதுவும் போய்ப் பிடிக்கிறது, அதனால்தான் வாய் எரிகிறது. அந்த வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளின் வாங்கியில் கேப்சைசின் அப்படிப் பிடிப்பதில்லை, பழுத்த மிளகாயைக் கொத்திப்போய் விதையைப் பரப்புவதே அவைதான்.

கையால் இழுத்துப் பறித்தால் கிளை எளிதில் ஒடிந்துவிடும், கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். விரலில் எரிச்சல் ஏறிவிட்டால் வெறும் தண்ணீர் போதாது, கேப்சைசின் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்த்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள்.