பத்து மீட்டர் பனியில் எவ்வளவு தண்ணீர்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரத்தில் காதிக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1880-ஐ ஒட்டி வெள்ளி தோண்ட வந்தவர்கள் எழுப்பிய ஊர். வெள்ளி கைவிட்டதும் ஊரும் காலியாகிவிட்டது. 1928-இல் அங்கே ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. கோடையில் ஆய்வாளர்களும் மாணவர்களும் வந்து நிறைவார்கள். குளிர்காலத்தில் சாலை பனிக்குள் மறைந்துவிடும். அப்போது அங்கே தங்குபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர்களில் ஒருவர் பில்லி பார். 1970-களின் தொடக்கத்தில் அங்கே போனவர், சுரங்கக் காலத்துப் பழைய குடிசை ஒன்றில் தங்கினார். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது. பகல் முழுக்கத் தனிமை. கண்ணில் படுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார்: இன்றைய அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை, புதிதாக விழுந்த பனி, தரையில் நிற்கும் பனி, வசந்தத்தில் முதலில் வந்த பறவை, வளையை விட்டு முதலில் வெளியே வந்த விலங்கு. எந்த ஆய்வுக்காகவும் அல்ல, யாரும் சொல்லியும் அல்ல. 1974-இல் தொடங்கிய அந்தப் பழக்கம் ஐம்பது குளிர்காலங்களுக்கு ஓடியிருக்கிறது.

பனியை அளப்பதில் என்ன பெரிய வேலை, அளவுகோலைக் குத்தினால் போயிற்று என்று தோன்றலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. காதிக்கில் பல குளிர்காலங்களில் விழும் பனியை நாள்வாரியாகக் கூட்டினால் 10 மீட்டரைத் தாண்டும். ஆனால் எந்த நாளில் வெளியே போய்ப் பார்த்தாலும் தரையில் அதில் ஒரு சிறு பகுதிதான் உயரமாக நிற்கும். உருகி ஓடிய காலமும் அல்ல அது. அப்படியானால் மீதி எங்கே போனது?

எங்கும் போகவில்லை, அமுங்கிவிட்டது. புதிதாக விழும் பனி பெரும்பாலும் காற்றுதான். ஆறு கைகளை விரித்த படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கின்றன, நடுவில் காற்று. பத்து சென்டிமீட்டர் புதுப் பனியை உருக்கினால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கிடைப்பதே அதிகம். விழுந்த சில மணி நேரத்திலேயே படிகங்களின் கூர் முனைகள் மழுங்கத் தொடங்கும். முனையிலிருந்து ஆவியாகும் நீர் குழிவான இடத்தில் போய் உறைகிறது. பக்கத்துப் பக்கத்து மணிகள் ஒட்டிக்கொள்கின்றன, மேலே விழும் பனியின் எடை கீழே உள்ளதை நசுக்குகிறது. மார்ச், ஏப்ரலில் அதே பனி பத்து சென்டிமீட்டருக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் தண்ணீரை வைத்திருக்கும்.

அதனால்தான் புதுப் பனியை அளக்க ஒரு பலகை வேண்டும். வெள்ளை பூசிய சாதாரண மரப்பலகை, அவ்வளவுதான். வெயிலில் சூடேறாமல் இருக்கத்தான் வெள்ளை. குறித்த நேரத்தில் போய், பலகைமேல் எவ்வளவு பனி நிற்கிறது என்று அளந்துவிட்டு, பலகையைத் துடைத்து, பழைய பனியின் மேற்பரப்போடு மட்டமாக மறுபடி வைக்க வேண்டும். அடுத்த முறை அதன்மேல் இருப்பது முழுக்கப் புதுப் பனி. மணிக்கொரு தரம் அளந்து துடைத்தால் அமுங்க நேரமே இருக்காது. அப்படி எடுத்த 24 அளவுகளைக் கூட்டினால் வரும் எண், ஒரே தடவை அளந்த எண்ணைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்கும். இரண்டுமே அதே பனிதான். எத்தனை முறை அளப்பது என்பதை வருடா வருடம் மாற்றினால், பனி கூடியதா குறைந்ததா என்று பிறகு சொல்லவே முடியாது.

நம் ஊர்ச் செய்திகளில் 'இன்று காலை 8.30 மணியுடன் முடிவடைந்த 24 மணி நேரத்தில்' என்று மழையளவைச் சொல்வார்களே, அந்தச் சொற்றொடர் சும்மா வரவில்லை. எப்போது தொடங்கி எப்போது முடிந்த அளவு என்று தெரியாத மழையளவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

வெப்பநிலையில் இந்த நேரப் பிரச்சினை இன்னும் நுட்பமானது. அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பமானிகள் முந்தைய வாசிப்புக்குப் பின் எட்டிய உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைத்திருக்கும். பார்த்தபின் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பிற்பகல் நான்கு மணிக்குச் செய்கிறோம் என்று வையுங்கள். இன்று கடும் வெயில். வெப்பமானியைச் சரிசெய்யும்போதே அது உச்சத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளை குளிர்ந்துவிட்டாலும், இன்று நான்கு மணிக்கு இருந்த சூடே நாளைய 'அதிகபட்சம்' என்று பதிவாகிவிடும். ஒரு சூடான நாள் இரண்டு நாளாக எண்ணப்படும். விடியற்காலையில் வாசித்தால் இதே தவறு குளிர் பக்கமாக நடக்கும். நேரத்தை நடுவில் மாற்றினால் ஊரே சூடேறியதுபோலவோ குளிர்ந்ததுபோலவோ ஏட்டில் தெரியும்.

இது போதாதென்று பள்ளத்தாக்குக்கே ஒரு குணம் உண்டு. பனி மூடிய தரை இரவில் தன் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக இழக்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி அடியில் தேங்குகிறது. தெளிந்த இரவுகளில் அடிவாரம்தான் அதிகக் குளிர், சரிவின் மேலே கதகதப்பு. நீலகிரியில் உறைபனி பள்ளமான புல்வெளிகளிலும் தேயிலைச் சரிவின் அடியிலும் படிவதும் இதனால்தான். ஆக, வெப்பமானிப் பெட்டியைச் சில மீட்டர் தள்ளி வைத்தாலே வேறு எண் வரும். பனி ஏற ஏற, பெட்டியும் பனிக்கு மேலே போதிய உயரத்தில் இருந்தாக வேண்டும்.

சரி, உயரமும் வெப்பமும் ஆயிற்று. ஆனால் கீழே ஊர்களில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி வேறு. இதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

இதற்கு நல்ல விடை கண்டவர் ஒரு லத்தீன் பேராசிரியர். நெவாடா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிகள் கற்பித்த ஜேம்ஸ் சர்ச். மலையேறுவதில் ஆசை கொண்டவர். பனி உருகும் பருவத்தில், அங்கே மலைகளுக்கு நடுவே உள்ள தாஹோ ஏரியின் மட்டம் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே தெரியாமல் கரையில் இருந்தவர்களுக்கும் மதகைத் திறப்பவர்களுக்கும் தகராறு. சர்ச் 1900-களின் முதல் பத்தாண்டில் ஏரிக்கு அருகே உள்ள ரோஸ் மலையில் வேலையைத் தொடங்கி, பனியை எடைபோட ஒரு குழாயை உருவாக்கினார். அதன் அடிவாயில் ரம்பம்போலப் பற்கள். உள்விட்டம் 1.485 அங்குலம்.

இந்த 1.485 தான் எனக்கு மிகவும் பிடித்த எண். அந்த விட்டமுள்ள குழாயில் ஓர் அங்குல உயரத் தண்ணீர் நின்றால் அதன் எடை சரியாக ஓர் அவுன்ஸ். குழாயைப் பனிக்குள் திருகி இறக்கி, தரையைத் தொட்டு, வெளியே எடுத்து, வில்தராசில் தொங்கவிட வேண்டும். வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் 18 அவுன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துப் பனியில் 18 அங்குலத் தண்ணீர், அதாவது 46 சென்டிமீட்டர். உருக்க வேண்டாம், கணக்குப் போட வேண்டாம். கை விறைத்துப்போகும் குளிரில் பென்சில் பிடித்துப் பெருக்கல் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படிக் கணக்கைக் குழாயின் விட்டத்துக்குள்ளேயே வைத்திருக்க முடியும்.

குழாயின் நுனியில் கொஞ்சம் மண் ஒட்டி வர வேண்டும். அப்போதுதான் அடிவரை போனது உறுதி. அந்த மண்ணைச் சுரண்டிவிட்டு எடைபோடுவார்கள். ஓரிடத்தில் காற்று பனியைக் குவித்திருக்கும், பக்கத்திலேயே வாரிப் போயிருக்கும். ஆகவே ஒரு கோட்டில் பல இடங்களில் குழாயை இறக்கிச் சராசரி எடுப்பார்கள். மேற்கு அமெரிக்காவில் ஏப்ரல் 1-ஆம் தேதி எடுக்கும் அளவுக்குத் தனி மதிப்பு. பல இடங்களில் பனி உச்சத்தை எட்டுவது அதை ஒட்டித்தான்.

இன்று இந்த வேலையில் பெரும்பகுதியை ஸ்னோடெல் என்ற தானியங்கி நிலையங்கள் செய்கின்றன. உறையாத திரவம் நிரப்பிய தட்டையான பெரிய தலையணை ஒன்று தரையில் கிடக்கும். மேலே பனி சேரச் சேர உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் என்பது எடை, எடை என்பது தண்ணீர். இந்த அளவுகள் மலையிலிருந்து ஊருக்கு வந்த விதம் இன்னும் ஆச்சரியம். தொலைபேசிக் கம்பி இல்லாத அந்த உச்சிகளிலிருந்து ரேடியோ அலையை வானத்தை நோக்கி அனுப்பினார்கள். தூசியளவு விண்கற்கள் ஓயாமல் வளிமண்டலத்தில் எரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றமுள்ள ஒரு தடத்தை நொடிக்கும் குறைவான நேரம் விட்டுச்செல்லும். அலை அந்தத் தடத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த தரை நிலையத்தை எட்டியது. பல பத்தாண்டுகள் பனிக்கணக்கு எரிகற்களின் வழியேதான் வந்து சேர்ந்தது.

ஆனாலும் தலையணை ஏமாறும். நடுவில் கெட்டியான பனிக்கட்டி அடுக்கு உருவானால், அது பாலம்போல மேலுள்ள எடையைத் தாங்கிக்கொள்ளும். தலையணைக்கு உண்மையைவிடக் குறைந்த எடையே தெரியும். அப்போது யாராவது குழாயோடு போய்ச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

சில ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போய், தரைவரை குழி வெட்டி அடுக்கடுக்காக வெப்பநிலையும் அடர்த்தியும் பார்ப்பார்கள். தடித்த பனிக்கடியில் தரை ஏறக்குறைய 0 டிகிரியிலேயே இருக்கும், மேற்பரப்போ மைனஸ் 20 வரை போகும். இந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, அடியில் சர்க்கரை போன்ற, ஒட்டாத பெரிய படிகங்களை வளர்க்கிறது. பனிச்சரிவுகள் பல, இந்த ஒட்டாத அடுக்கு வழுக்குவதால் தொடங்குகின்றன.

வசந்தத்தில் உருகுவதும் உடனே நடப்பதில்லை. முதலில் மேலிருந்து அடிவரை முழுப் பனியும் 0 டிகிரிக்கு வர வேண்டும். அதன்பிறகும் ஒரு கிலோ பனியை 0 டிகிரியிலேயே தண்ணீராக்கத் தேவைப்படும் வெப்பத்தை, ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அது 0-விலிருந்து 80 டிகிரி வரை சூடேறிவிடும். இந்த வெப்பத்தில் பெரும்பகுதி சூரியனிடமிருந்து வர வேண்டும். ஆனால் புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. தென்மேற்குப் பாலைநிலங்களிலிருந்து காற்று கொண்டுவந்து தூவும் செந்தூசி படிந்தால் கதை மாறும். பனி கறுத்து, வெயிலை விழுங்கி, சில வாரங்கள் முன்னதாகவே கரைந்துவிடும்.

பில்லி பாரின் நோட்டுகளுக்கு வருவோம். 1990-களில்தான் அவை உயிரியலாளர் டேவிட் இனூயேயின் கைக்குப் போயின. காதிக்கில் காட்டுப்பூக்களை ஆண்டுக்கணக்கில் எண்ணிவந்தவர் அவர். பூ மலரும் நாளைத் தீர்மானிப்பது பனி கரையும் நாள். அந்த நாளோ பக்கத்து வீட்டு நோட்டில் வரிசையாக இருக்கிறது! 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரையில் பில்லி பாரும் ஓர் ஆசிரியர். மர்மோட் என்ற, பூனையளவு இருக்கும் கொறித்துண்ணி, நீள்துயிலிலிருந்து 23 ஆண்டுகளுக்கு முன்பு எழுந்ததைவிட 38 நாள் முன்னதாக எழுகிறது என்று அந்தக் கட்டுரை காட்டியது. காற்று முன்கூட்டியே சூடாகிறது, விலங்கு அதைக் கேட்டு எழுந்துவிடுகிறது. ஆனால் அந்தக் காலகட்டத்தில் பனி கரையும் நாள் அப்படி முன்னே வரவில்லை. எழுந்த விலங்குக்கு வெளியே தின்னப் புல் இல்லை, பனிதான் கிடக்கிறது.

பின்பு வந்த ஆண்டுகளில் பனி சீக்கிரம் கரையத் தொடங்கியபோது வேறு தொல்லை. ஆஸ்பன் சூரியகாந்தி என்ற காட்டுப்பூ முன்னதாகவே மொட்டு விட்டது. பின்பனி இரவின் உறைபனியோ பழையபடி வந்து அதைக் கருக்கியது. 1992 முதல் 1998 வரை சராசரியாக 36 சதவீத மொட்டுகள் கருகின. 1999 முதல் 2006 வரை அது 74 சதவீதம். பனி என்பது செடிக்குக் கம்பளி, அதைச் சீக்கிரம் விலக்கியதால் வந்த வினை. பனி கரைந்த தேதி இல்லாமல் இந்த எண்களுக்கு விளக்கமே கிடைத்திருக்காது.

அந்த நோட்டுகளில் என்னை மிகவும் கவர்வது, ஒன்றும் விழாத நாட்களில் எழுதிய பூஜ்யம். 0 என்றால் ஒருவர் வெளியே போய்ப் பார்த்தார், பனி இல்லை. காலியாக விட்டால் யாரும் பார்க்கவில்லை. கூட்டும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் காலியிடங்கள் நிறைந்த ஏட்டை வைத்து எந்தக் குளிர்காலத்தையும் வறட்சி என்று சொல்ல முடியாது.

காதிக் வழியே ஓடும் ஈஸ்ட் ஆறு கன்னிசன் ஆற்றுக்கும், அது கொலராடோ ஆற்றுக்கும் போகிறது. கொலராடோவை நம்பி ஏறக்குறைய 4 கோடிப் பேர் இருக்கிறார்கள். 2021 வசந்தத்தில் அந்த ஆற்றின் மேல்படுகையில் பனி சராசரியைவிடச் சற்றுத்தான் குறைவு, ஆனால் ஆற்றின் குறுக்கே உள்ள பவல் நீர்த்தேக்கத்துக்கு வந்தது சராசரியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய நீரே. முந்தைய ஆண்டு காய்ந்துபோன மண் தன் தாகத்தை முதலில் தீர்த்துக்கொண்டது. இன்னொரு சந்தேகமும் இருந்தது. உருகாமலேயே, நேராக ஆவியாகிக் காற்றில் போய்விடும் பனி எவ்வளவு?

அதை அளக்க 2022-23 குளிர்காலத்தில் காதிக் பள்ளத்தாக்கில் கருவிக் கோபுரங்களை நட்டார்கள். காற்றின் சுழிப்பையும் ஈரத்தையும் நொடிக்குப் பல முறை பதிவுசெய்தார்கள். அந்தக் குளிர்காலப் பனியில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படி வானத்துக்கே திரும்பியது என்று தெரிந்தது. எதில் பத்தில் ஒரு பங்கு என்று சொல்ல, முதலில் தரையில் விழுந்ததை ஒருவர் அளந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு மறுபடியும் பனியின் ஆழத்துக்கும் எடைக்கும்தான் வந்து நிற்கிறது.