பிரேக் பேடு மாற்றும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுவது ஏன்?

காரின் முன்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் பேடுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்த முயன்றால், அவை காலிப்பருக்குள், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் அமைப்புக்குள், நுழைய மறுக்கும். அளவு மாறிய பேடு வந்துவிட்டதோ என்ற ஐயம் எழும். பெரும்பாலும் பேடு சரியானதே. வழியை அடைத்து நிற்பது, பேடை டிஸ்க்கை நோக்கித் தள்ளும், பழைய பேடு தேயத் தேயச் சிறிது சிறிதாக வெளியே வந்துவிட்ட பிஸ்டன். அது ஏன் வெளியே வந்தது, வந்த பின் ஏன் திரும்பிப் போகவில்லை என்பது விளங்கினால், இந்த வேலையின் பல படிகளுக்குக் காரணம் கேட்க வேண்டியிராது.

பெடலை மிதிக்கும்போது அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் பிரேக் ஆயிலின் வழியே காலிப்பரை அடைந்து, பிஸ்டனைத் தள்ளி, உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மீது அழுத்துகிறது. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. ஆகவே எதிர்விசையால் காலிப்பரே, அதைத் தாங்கும் ஸ்லைடு பின்கள் எனும் வழவழப்பான தண்டுகளின் மேல் நகர்ந்து, மறுபக்கப் பேடையும் இழுத்துவந்து டிஸ்க்கில் பதிக்கிறது. 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்குள் ஏறத்தாழ 460 கிலோஜூல் இயக்க ஆற்றலை இழக்கிறது. அதில் பெரும்பகுதி பேடுகளிலும் டிஸ்க்குகளிலும் வெப்பமாகிறது.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னிழுப்பது எது? பெரும்பாலான காலிப்பர்களில் அதற்கெனச் சுருள்வில் கிடையாது. காலிப்பருக்குள் பிஸ்டன் நகரும் துளையின் சுவரில் வெட்டிய பள்ளத்தில் அமர்ந்து பிஸ்டனைச் சுற்றிப் பிடித்திருக்கும், சதுர வெட்டுமுகம் கொண்ட ரப்பர் சீல்தான் அதைச் செய்கிறது. ஆயில் கசியாமல் காப்பது அதன் வெளிப்படையான வேலை. பிஸ்டன் முன்னே நகரும்போது அதைப் பற்றியிருக்கும் ரப்பர் விளிம்பு உடன் சாய்கிறது. அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவுக்கு மீண்டு, மில்லிமீட்டரில் சிறு பின்னம் அளவுக்குப் பிஸ்டனையும் பின்னே இழுத்துக்கொள்கிறது. பேடு தேய்ந்து, பிஸ்டன் செல்லவேண்டிய தொலைவு ரப்பர் வளைந்துகொடுக்கும் எல்லையைத் தாண்டினால், பிஸ்டன் சீலுக்குள் வழுக்கி முன்னே போய், அந்தப் புதிய இடத்திலிருந்து அதே சிறு அளவு மட்டுமே மீள்கிறது. பேடு 10 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகக் குறைந்த பின்னும் பெடல் ஏறக்குறைய அதே உயரத்தில் பிடிப்பது இதனால்தான். இவ்வளவு மலிவான ஒரு வளையத்திடம் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயமன்று.

முன்னே நகர்ந்த பிஸ்டனுக்குப் பின்னால் நிரம்புவது பிரேக் ஆயில்; ஆகவே கசிவே இல்லாவிடினும் ஆயில் தொட்டியின் மட்டம் மெல்ல இறங்கும். அதைக் கண்டு இடையில் யாரேனும் ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால், இப்போது பிஸ்டனைப் பின்னே தள்ளும்போது தொட்டி பொங்கி வழியும். கிளைக்கால் வகை ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். எனவே, தொட்டியின் மட்டத்தைப் பார்த்து, மிகுதியை முதலில் எடுத்துவிட்டு, கிளாம்ப்பால் நிதானமாகத் தள்ளுவதே முறை. பின்சக்கரக் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் அமைந்திருந்தால் பிஸ்டனை நேராகத் தள்ளாமல் திருகித்தான் உள்ளே செலுத்த வேண்டும். மின்சாரப் பார்க்கிங் பிரேக் எனில் அதை, மோட்டார் பிஸ்டனை விடுவித்து நிற்கும் சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல் தொடவே கூடாது.

மற்றவை எளியவை, ஆனால் தவிர்க்கக் கூடாதவை. சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் மற்றச் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின் மேல் வண்டியை இருத்த வேண்டும். கழற்றிய காலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கங்களிலும் பேடுகளைச் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது.

வேலை முடிந்த நிலையில் பிஸ்டன் பேடை விட்டு விலகியே நிற்கும். ஆகவே முதல் மிதியில் பெடல் எதிர்ப்பின்றிக் கீழே போகும். அது கெட்டிப்படும்வரை பலமுறை மிதித்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். அதன் பின்னும் பிடிப்பு உடனே முழுமையாக வந்துவிடுவதில்லை. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். அதற்காக, போக்குவரத்து இல்லாத சாலையில், முழுவதும் நிறுத்தாமல், மிதமான வேகத்திலிருந்து சிலமுறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிடுகிறார்கள். சூடான பேடை நின்ற வண்டியில் அழுத்திப் பிடித்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துப் பின்னர்ப் பெடலில் அதிர்வாகத் தெரியும்.