பதிலுக்கு முன் ஒரு விநாடி: வகுப்பில் சில பிள்ளைகள் ஏன் பேசுவதில்லை?

இரும்பு ஆணி தண்ணீரில் மூழ்குகிறது. ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள இரும்புக் கப்பல் மட்டும் எப்படி மிதக்கிறது? எட்டாம் வகுப்பில் ஆசிரியர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்ட கையோடு முதல் பெஞ்சில் இரண்டு கைகள் எழும். ஒருவன் பதில் சொல்வான், "வெரி குட்" கிடைக்கும், பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஜன்னலோரம் இருக்கும் பிள்ளை வாய் திறக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மாவிடம் "நல்ல பொண்ணுதான், ஆனா பேசவே மாட்டேங்கறா" என்பார்கள்.

அவளுக்குப் பேச நேரம் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு படத்தைக் காட்டினால், அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே நமக்குச் சுமார் 0.6 விநாடி ஆகிறது. அது வெறும் ஒற்றைச் சொல்லுக்கு. கப்பல் கேள்விக்கோ, முதலில் காரணத்தைத் தேட வேண்டும், பிறகு அதை வாக்கியமாகக் கோக்க வேண்டும். ஆங்கில வழிப் பள்ளி என்றால் தமிழில் தோன்றியதை ஆங்கிலத்துக்கு மாற்றவும் வேண்டும். இதற்கு நடுவே "தப்பாச் சொன்னா சிரிப்பாங்களோ" என்ற பயம் வேறு. மனதில் ஒரே சமயத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் கொஞ்சம்தான். பயமும் அதில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

சரி, ஆசிரியர்கள் உண்மையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்? அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறைப் பேச்சை டேப்பில் பதிவு செய்து அளந்து பார்த்தார். 1974இல் வெளியான அவருடைய கட்டுரைகளின்படி, சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியர் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், வேறொருவரைக் கூப்பிடுவார், அல்லது தானே சொல்லிவிடுவார். இதைவிட உறுத்துவது இன்னொரு கண்டுபிடிப்பு. கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், மந்தம் என்று நினைத்தவர்களுக்குக் குறைந்த நேரமும் கிடைத்தன. யாருக்கு நேரம் அதிகம் வேண்டுமோ அவர்களுக்கே கஞ்சத்தனம்!

இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக 0.2 விநாடியை ஒட்டியே இருந்தது. எதிராளி பேசும்போதே பதிலைத் தயார் செய்துகொள்வதால்தான் நமக்கு இது முடிகிறது. இந்தப் பழக்கத்தில் ஊறிய காதுக்கு ஒரு விநாடி மௌனமே நீளமாகத் தெரியும், கை பரபரக்கும். திண்ணைப் பேச்சின் வேகத்தையே வகுப்புக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறோம் என்பது என் கணிப்பு.

காத்திருப்பை மூன்று விநாடியோ அதற்கு மேலோ ஆக்கச் சொல்லி ரோ ஆசிரியர்களைப் பழக்கினார். பிள்ளைகளின் பதில்கள் 300 முதல் 700 சதவீதம்வரை நீண்டன. "தெரியாது" என்பதும் வாயடைத்து நிற்பதும் குறைந்தன. மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பேசத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றிய ஆசிரியர்களின் எண்ணமும் மாறியது.

ரோ இரண்டு காத்திருப்புகளைப் பிரித்துக் காட்டினார். கேள்விக்குப் பிறகு வருவது முதலாவது. பிள்ளை பதில் சொன்னபின் வருவது இரண்டாவது. நம் வகுப்புகளில் இந்த இரண்டாவது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பதில் முடியுமுன் "கரெக்ட்" விழுந்துவிடுகிறது. அந்தச் சொல் விழுந்ததும் விவாதம் முடிந்தது, இனி யோசிப்பது வீண் வேலை. அதற்குப் பதிலாக ஆசிரியர் மூன்று விநாடி சும்மா இருந்து பார்க்கட்டும். "கப்பலுக்குள்ள காத்து இருக்கு சார்" என்றவன் தானாகவே "அதனால அது நிறைய தண்ணியை ஒதுக்குது" என்று நீட்டக்கூடும். இன்னொருவள் "அப்போ ஓட்டை விழுந்தா?" என்று குறுக்கே கேட்கக்கூடும்.

ஆனால் "தமிழ்நாட்டின் தலைநகர் எது?" என்று கேட்டுவிட்டு மூன்று விநாடி நிற்பதில் பயனில்லை. யோசிக்க ஏதாவது இருக்கும் கேள்விக்குத்தான் இது செல்லும்.

கூச்சம் மிகுந்த பிள்ளைக்கு மௌனம் மட்டும் போதாமலும் போகலாம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை அங்கே கைகொடுக்கும். முதலில் தனியாக யோசி, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல், அப்புறம் வகுப்புக்குச் சொல். கை தூக்கும்போது வாக்கியம் ஏற்கெனவே ஒருமுறை வாயில் வந்துபோயிருக்கும். "எனக்கு இப்படித் தோணுது" என்பது "எங்களுக்கு இப்படித் தோணுது" என்றும் ஆகியிருக்கும். நாற்பது பேர் முன்னால் தனியாக மாட்டிக்கொள்ளும் பயம் பாதியாகிவிடும்.

கை தூக்காத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கொடுமை என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. அடிக்கடி அப்படிக் கூப்பிட்ட வகுப்புகளில், போகப்போகத் தானாக முன்வந்து பேசுகிறவர்கள் கூடினார்கள். ஆனால் வரிசை முக்கியம். "கவிதா, கப்பல் ஏன் மிதக்கிறது?" என்று பெயரில் தொடங்கினால் கவிதாவைத் தவிர எல்லோரும் பெருமூச்சு விட்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்வி முதலில், மூன்று விநாடி அடுத்து, பெயர் கடைசியில்.