இறைச்சி கெடுவது எலும்போரத்தில்

இறைச்சியைச் சோதிக்கும் கால்நடை மருத்துவராக, அலாஸ்காவின் தொலைதூரக் காடுகளில் சுடப்பட்ட மூஸ் மான்களின் பின்தொடைகளைப் பலமுறை வெட்டிப் பார்த்திருக்கிறேன். மேற்புறம் காய்ந்து, குறை சொல்ல முடியாதபடி இருக்கும் தொடையை எலும்போரமாகப் பிளந்தால், இடுப்பு மூட்டைச் சுற்றிய தசை பச்சை கலந்த சாம்பல் நிறமாகி, புளித்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடிக்கும். வேட்டைக்காரர் கூடாரத்தில் குளிரில் நடுங்கியிருப்பார். அந்தக் குளிர் எலும்புவரை எட்டியிருக்காது.

இறக்கும்போது ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸாக இருக்கும் உடற்சூட்டை, அடர்ந்த மயிர்த்தோலும் தடித்த தசையும் மணிக்கணக்கில் பொத்தி வைக்கின்றன. ஆகவே சுட்ட உடனே தோலை உரித்து, இரைப்பை கிழியாமல் குடலை நீக்கி, தொடைகளையும் முன்சப்பைகளையும் தனித்தனியே கழற்றி, காற்றுப் புகும் பருத்திப் பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். நெகிழிப் பை ஈரத்தையும் சூட்டையும் அடைத்து வைப்பதால், ஈயை விரட்டினாலும் இறைச்சியை அழுகவிடும். அங்கே பல பகுதிகளில் இறைச்சியை எலும்போடுதான் காட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஆதலால் இந்த அவசரம் இன்னும் கூடுகிறது.

ஆனால் நான் கண்ட இழப்புகளில் பலவற்றுக்குக் கத்தி வேலை காரணமன்று, கணக்குப் போடாததே காரணம். 700 கிலோவைத் தாண்டும் பெரிய ஆண் மூஸ் சுமார் 225 கிலோ இறைச்சி தரும். ஒருவர் ஒரு நடைக்கு 35 கிலோ சுமந்தாலும் ஏழு நடை வேண்டும்; முகாம் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்தால், சேற்றிலும் புதரிலுமாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். தனியாக வந்தவருக்கு இது இரண்டு மூன்று நாள் வேலை. அதன்பின் முகாமிலிருந்து ஏற்றிச்செல்ல வரும் சிறு விமானம் அத்தனையையும் ஒரே தடவையில் ஏற்றாது, வானிலை மோசமானால் வரவே வராது. இறைச்சி முழுவதையும் எடுத்து வருவதற்கு முன் கொம்பைத் தனியே கொண்டுபோகக் கூடாது என்றும் அங்கே விதி உண்டு (கொம்பாசையை நன்கு அறிந்தவர்கள் வகுத்ததாக இருக்கும்).

குறிப்பாக, முழங்காலளவு நீரில் நின்று மேயும் மூஸைச் சுடாதீர்கள். விழுந்த இடத்திலிருந்து இரண்டு பேரால் அதை நகர்த்த இயலாது. கலங்கிய நீரில் நின்றபடியே, கைகள் மரத்துப்போக, உரித்துக் கூறிட வேண்டியிருக்கும். அது கரையேறும்வரை காத்திருங்கள். எதிர்க்கரையில் ஏறினால் போகவிடுங்கள்.