அறுபடை வீடு இலவசப் பயணம்: மனு எங்கே சிக்குகிறது?

தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்தே போன கால்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அதே ஆட்களில் பலர் திருத்தணியையோ திருச்செந்தூரையோ பார்த்ததே இல்லை. தோட்டமும் மாடும் விடாது. விட்டாலும் கையில் காசு இருக்காது. அவர்களுக்கென்றே அறநிலையத்துறை 2024-ல் அறுபடை வீடு ஆன்மிகப் பயணத்தைத் தொடங்கியது. முதலில் 1,000 பேர், பின்னர் 2,000 பேர் என்று அறிவித்தார்கள். செலவு முழுக்க அரசுடையது. இராமேஸ்வரம்–காசி பயணமும் கிட்டத்தட்ட இதே விதிகளில்தான் நடக்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

விதி சொல்வதற்குச் சுலபம். இந்துவாக இருக்க வேண்டும். வயது 60 முதல் 70-க்குள். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்கு மிகக்கூடாது, அதற்கு வட்டாட்சியர் தரும் சான்று வேண்டும். பயணம் தாங்கும் உடம்பு என்று மருத்துவர் சான்று வேண்டும். ஆதார் நகல் வேண்டும். இதில் ஆளைக் கவிழ்ப்பவை வயதும் வருமானமும்தான்.

வயதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அம்மாக்கள் பலரின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. முகாமில் கேட்டவர் குத்துமதிப்பாக ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். உண்மையில் 67 ஆகும் பாட்டிக்கு அட்டையில் 72 என்றிருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும். "நேர்ல பார்த்தாலே தெரியுதுங்களே" என்பது அலுவலகத்தில் எடுபடாது. சரி, ஆதாரைத் திருத்திவிடலாம் என்று உடனே ஓடாதீர்கள். பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும், அதற்கும் ஆவணம் கேட்பார்கள். முதியோர் உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் அந்தப் பதிவில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது என்று ஆகி, மாதம் வரும் பணத்துக்கும் சிக்கல் வரலாம். சில நாள் பயணத்துக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம்.

வருமானச் சான்று இன்னும் மோசம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவதற்குள் ஓடிபி வரும். அது எந்த போனுக்கு வரும்? பெரும்பாலும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கும் பேரன் போனுக்கு. அவனை முதலிலேயே கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள். அப்புறம் மனு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) என்று ஏறித்தான் தாலுகா ஆபீசுக்குப் போகும். "ஆர்ஐ கேம்ப் போயிட்டாருங்க, திங்கக்கிழமை வாங்க" என்பதைக் கேட்கத் தயாராக இருங்கள். எந்தத் திங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெரிய கண்ணி வேறு. ரேஷன் அட்டையில் மகனும் மருமகளும் சேர்ந்திருந்தால், குடும்ப வருமானம் என்று மகன் சம்பளத்தையும் கூட்டி எழுதிவிடுவார்கள். பட்டா தாத்தா பேரில் இருந்தாலும் இதே கதைதான். கிணறு வற்றி, காடு தரிசாகக் கிடப்பது பட்டாவில் தெரியாதல்லவா? விஏஓவிடம் நேரில் போய், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறோமா, உதவித்தொகையில்தான் வண்டி ஓடுகிறதா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். உதவித்தொகை ஆணை இருந்தால் அதன் நகலையும் கொடுங்கள். வருமானத்தை எழுதி மேலே அனுப்பியபின் மாற்றுவது பெரும்பாடு.

அறிவிப்பு வந்தபின் சான்றுக்கு அலைந்தால் கடைசித் தேதி தாண்டிவிடும். அதனால் வருமானச் சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், மருத்துவச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். பழைய தேதி போட்ட உடல்தகுதிச் சான்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மனுவை உள்ளூர்க் கோயிலில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கோயில் ஆபீஸ் வேறு, மண்டல இணை ஆணையர் அலுவலகம் வேறு. கொடுக்க வேண்டியது இரண்டாவது இடத்தில், அதுவும் உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறதோ அங்கே. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் எல்லாம் தனித்தனி மண்டலங்கள். இடங்களும் மண்டலவாரியாகத்தான். அதனால் அவிநாசியிலோ காங்கேயத்திலோ இருப்பவர் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். "உங்க மனு வரவே இல்லீங்களே" என்ற பதிலுக்கு அந்த முத்திரை ஒன்றுதான் மருந்து.

விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. அறநிலையத்துறை இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். "லிஸ்ட்ல பேர் ஏத்தித் தர்றேன்" என்று ஐநூறு, ஆயிரம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுற்றுலாக் கழகம் நடத்தும் கோயில் சுற்றுலாக்கள் வேறு, அவற்றுக்குக் காசு கட்ட வேண்டும். பேர் ஒரே மாதிரி இருப்பதால் பணம் கட்டிவிட்டு இலவசம் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எழுபது தாண்டியவர்களுக்கு இந்தப் பேருந்தில் இடமில்லை. உடம்பில் தெம்பிருந்தாலும் இல்லை. அவர்கள் பகலில் போய்வர, 2025 நவம்பரில் திறந்த 25 அன்புச்சோலை என்ற முதியோர் பகல்நேர மையங்களை விசாரிக்கலாம். சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார்கள். அது முதியோர் இல்லமல்ல என்று மகன்களுக்கும் மருமகள்களுக்கும் முதலில் புரியவைக்க வேண்டும், ஊர் வாய்க்குப் பயந்தே பலர் அனுப்புவதில்லை. போக்குவரத்துக்குப் பாட்டிகளுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் இருக்கிறது. தாத்தாக்களுக்கு இல்லை. மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் என்று வரும் செய்தி சென்னை மாநகரப் பேருந்துக்கானது. அதை நம்பி கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் யாரையும் வரிசையில் நிற்க விடாதீர்கள்.