இளநீரும் இதயத்தின் மின்சாரமும்

சேரன்மகாதேவிப் பக்கம் வாழை போட்டிருக்கும் அண்ணாச்சி ஒருவர், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். சித்திரை வெயிலில் ஒருநாள், காலைத் தூக்கி வைக்க முடியவில்லை என்று பாளையங்கோட்டையில் என்னிடம் வந்தார். ஈசிஜியில், ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் டி அலை கூடாரம் போலக் கூராக நின்றது. ரத்தத்தில் பொட்டாசியம் 7.1. ஐந்தைத் தாண்டக்கூடாது.

"என்ன குடிச்சீய அண்ணாச்சி?"

"வெயிலுக்கு எளநிதாம்மா. நாலு நாளா தெனமும் மூணு."

இளநீரில் பொட்டாசியம் நிறைய. அதற்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? போலரைசேஷன் என்ற சொல்லில் இருக்கிறது. வயல் தண்ணீரில் பட்டுச் சாய்வாக வரும் வெயில் கண்ணைக் கூச வைக்கிறதே, அந்த ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாகவே அதிர்கிறது. ஒளியில் போலரைசேஷன் என்றால் அதுதான், தளவிளைவு. மின்சாரத்தில் அர்த்தம் வேறு: நேர்மின்னும் எதிர்மின்னும் ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்பது, அதாவது முனைவு. நம் செல்களில் இருப்பது இந்த வகைதான்.

ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட சுமார் 90 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே மிகக் குறைவு; இந்த ஏற்றத்தாழ்வுதான் அதைத் தாங்குகிறது. செல் சவ்விலுள்ள பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடியே இருக்கிறது. இந்த முனைவு கலைந்து மறுபடி கூடினால் ஒரு துடிப்பு. டி அலை, அது கூடும்போது வருவது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் செல் பாதி கலைந்தபடியே நின்றுவிடும், சோடியம் உள்ளே நுழையும் வாசல்கள் சரியாகத் திறக்காது. நெஞ்சுவலியே இல்லாமல் இதயம் நின்றுபோகலாம். நல்ல சிறுநீரகம் என்றால் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும்.

உடனே கால்சியம் ஊசி போட்டோம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் காவல் மட்டும். அப்புறம் குளுக்கோஸோடு இன்சுலின், அன்றிரவே டயாலிசிஸ். பிழைத்தார்.

எனக்கு இளநீரைவிடப் பயம், சோடியம் குறைந்த உப்பு என்று விற்கும் பாக்கெட். பிரஷருக்கு நல்லது என்று பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுக்கிறார்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர் வீட்டில் அது வேண்டாம். காய்களிலுள்ள பொட்டாசியமும் குறைய, அவற்றை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள். கால் தளர்ந்தாலோ படபடத்தாலோ அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றே ஈசிஜி எடுங்கள்.

வீட்டுக்குப் புறப்படும்போது அண்ணாச்சி கேட்டார்: "அப்பம் வாசல்ல நிக்க தென்னைய என்னம்மா செய்ய?"

"பேரப்பிள்ளையளுக்கு வெட்டிக் குடுங்க அண்ணாச்சி. அதுகளுக்கு ஒண்ணும் செய்யாது."