அழித்த பிறகும் இடத்தை விடாத கோப்பு

சனிக்கிழமை மதியம், சாப்பாடு பாதியில் இருக்கும்போது அழைப்பு வந்தது. தரவுத்தளம் எதையும் எழுத மறுக்கிறது, வட்டில் இடமில்லை என்கிறது. கை கழுவிக்கொண்டு வந்து சர்வருக்குள் நுழைந்து, வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும் ‘டிஎஃப் -எச்’ கட்டளையைத் தட்டினேன். மொத்தம் 50 ஜிபி, பயன்பாடு 47, மீதி 0, நிரம்பிய அளவு 100 சதவீதம். காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஒரு செயலி மாதக்கணக்கில் ஓயாமல் எழுதிவந்த பதிவுக் கோப்பு 38 ஜிபிக்கு வீங்கிக் கிடந்தது. ‘ஆர்எம்’ போட்டு அழித்தேன். மறுபடியும் டிஎஃப். அதே 47, அதே 0.

வேறு சர்வரில் அழித்துத் தொலைத்துவிட்டேனோ என்று ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. இல்லை, சரியான இடம்தான். அடுத்து, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ -எஸ்எச்’ கட்டளையை வேர் அடைவில், அதாவது எல்லாவற்றுக்கும் மேலான கோப்புறையில், ஓடவிட்டேன். சில நிமிடங்கள் முனகிவிட்டு அது 9 ஜிபி என்றது. ஒரே வட்டைப் பற்றி இரண்டு கட்டளைகள் சொல்லும் கணக்கில் 38 ஜிபி இடிக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன.

இரண்டும் கணக்கெடுக்கும் விதம் வேறு. டியூ வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளரைப் போன்றது. ஒவ்வொரு அடைவாகத் திறந்து, அதில் கண்ணில் படும் ஒவ்வொரு பெயரின் அளவையும் விசாரித்துக் கூட்டும். அதனால்தான் அவ்வளவு நேரம் எடுக்கிறது. டிஎஃப் எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. வட்டில் எத்தனை கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று, கோப்புகளை வட்டில் அடுக்கி நிர்வகிக்கும் கோப்பு முறைமையே வைத்திருக்கும் கணக்கைக் கேட்டு, நொடியில் சொல்லிவிடும். ஆக, பெயரில்லாத ஒன்று வட்டில் குடியிருந்தால் அது டிஎஃப் கணக்கில் வரும், டியூ கண்ணில் படாது.

பெயரில்லாமல் ஒரு கோப்பு இருக்க முடியுமா? முடியும். யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழிவந்த, லினக்ஸ் போன்ற அமைப்புகளில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், தரவு வட்டின் எந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் ‘ஐநோடு’ என்ற சிறு பதிவில் இருக்கும். ஐநோடுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. பெயர் இருப்பது அடைவில். அடைவு என்பதோ ‘இந்தப் பெயருக்கு இந்த எண்’ என்று எழுதிவைத்த ஒரு பட்டியல், அவ்வளவுதான். ‘எல்எஸ் -ஐ’ என்று தட்டினால் ஒவ்வொரு பெயருக்கு முன்னும் அந்த எண் தெரியும். ஐநோடில் வரும் ‘ஐ’ எதைக் குறிக்கிறது என்று கேட்டபோது, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே தனக்கும் உறுதியாகத் தெரியாது, ‘இண்டெக்ஸ்’ ஆக இருக்கலாம் என்றார்.

ஒரே ஐநோடுக்கு இரண்டு மூன்று பெயர்களும் இருக்கலாம். எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையை ஐநோடு தன்னிடமே குறித்துவைத்திருக்கும். ஆர்எம் கட்டளை இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்பது ‘அழி’ என்று அல்ல. ‘அன்லிங்க்’, அதாவது இணைப்பை நீக்கு என்றுதான். 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பிலேயே டிஎஃப், டியூ, ஆர்எம், அன்லிங்க் நான்கும் இருக்கின்றன. அன்லிங்க் செய்வது, அடைவிலிருந்து பெயரை அடித்துவிட்டு, ஐநோடில் உள்ள எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பது. எண்ணிக்கை சுழியமானால் இடம் விடுவிக்கப்படும், ஒரு நிபந்தனையோடு: எந்தச் செயல்முறையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலும், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டாலும், பையன் எழுந்து போகும்வரை பெஞ்சு காலியாகாது. என் செயலி அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்து இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.

அப்படி உட்கார்ந்திருப்பவர்களைப் பிடிக்க ஒரு கட்டளை இருக்கிறது: ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’. திறந்திருக்கும் கோப்புகளில் பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவானவற்றை மட்டும் காட்டு என்று அர்த்தம். எனக்கு ஒரே ஒரு வரி வந்தது. செயல்முறை எண் 2147. அடுத்து ‘5டபிள்யூ’, அதாவது அந்தச் செயல்முறை திறந்து வைத்திருக்கும் 5 என்ற எண்ணுள்ள கோப்பு, எழுதுவதற்காகத் திறந்தது. அளவு 40802189312 பைட். பெயர் எண்ணிக்கை 0. வரியின் கடைசியில் பழைய பாதையும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘டெலீட்டட்’ என்ற சொல்லும். அந்தப் பதினொரு இலக்க எண்ணை 1024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், சரியாக 38 ஜிபி.

செயலியை நிறுத்தித் துவக்கினால் இடம் திரும்பிவிடும். ஆனால் சனிக்கிழமை மதியம் வாடிக்கையாளர்கள் உள்ளே இருக்கிறார்கள், நிறுத்த அனுமதி கிடைக்காது. இங்கே லினக்ஸ் ஒரு பின்வாசல் வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் ‘புராக்’ அடைவில் அதன் எண்ணிலேயே ஒரு உள்அடைவு உண்டு. அதற்குள் ‘எஃப்டி’ என்பதில், அது திறந்து வைத்திருக்கும் கோப்புகள் வரிசை எண்ணோடு தெரியும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக இருந்து, ஒன்றுமில்லாததை ‘>’ குறியால் ‘/புராக்/2147/எஃப்டி/5’ என்ற பாதைக்குத் திருப்பிவிட்டேன். பெயரில்லாத அந்தக் கோப்பு சுழியம் பைட்டுக்குச் சுருங்கியது. டிஎஃப் காட்டிய பயன்பாடு 9. தரவுத்தளம் மூச்சு விட்டது. முதலிலேயே ஆர்எம் போடாமல் ‘ட்ரங்கேட் -எஸ் 0’ என்று கோப்பைக் காலி செய்திருந்தால் இத்தனை கூத்தும் இல்லை.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. செயலி அந்தக் கோப்பை எப்போதும் கடைசியில் சேர்த்தெழுதும் முறையில் திறந்திருக்க வேண்டும், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஷெல்லில் ‘>>’ போட்டுத் துவக்கியது போல. ஒற்றை ‘>’ போட்டுத் துவக்கியிருந்தால், தான் விட்ட இடம் 38 ஜிபி தள்ளி இருக்கிறது என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கும். காலி செய்த பிறகும் அடுத்த வரியை அங்கேயே போய் எழுதும். நடுவில் இருப்பது வெறும் ஓட்டை. எல்எஸ் 38 ஜிபி என்று காட்டும், வட்டில் உண்மையில் பிடிக்கும் இடம் சில கேபிதான். இடப் பிரச்சினை இல்லை, பார்க்கிறவருக்குத்தான் நெஞ்சு அடைக்கும்.

இதையெல்லாம் குறை என்று சொல்ல மாட்டேன். தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அதன் பெயரை நீக்கிவிடுவது நிரலாளர்களின் பழைய வழக்கம். நிரல் எப்படிச் செத்தாலும் குப்பை மிஞ்சாது. சர்வரை நிறுத்தாமலே மென்பொருளைப் புதுப்பிக்க முடிவதும் இதனால்தான். பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகக் கோப்பின் புதிய பதிப்பு பழைய பெயரில் வந்து உட்காரும், ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறைகள் பெயரிழந்த பழையதையே பிடித்துக்கொண்டு ஓடும். 2014 ஏப்ரலில் இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ‘ஹார்ட்பிளீட்’ பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது இதுவே தலைவலியானது. நூலகத்தைப் புதுப்பித்தால் போதாது, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு சேவையையும் மறுபடி துவக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அழிக்கப்பட்ட ஓட்டைக் கோப்பு நினைவகத்தில் தொடர்ந்து வேலை செய்யும்.

இந்நேரம் கணக்கில் புலி யாராவது கேட்டிருப்பீர்கள்: 50-இல் 47 போனால் மீதி 3 எங்கே? லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கு என்று ஒதுக்கிவைக்கும். தரவுத்தளம் தன் சொந்தப் பயனராக ஓடியதால் அதற்கு இடமில்லை. ரூட்டுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. வட்டில் பாதிக்குமேல் காலியாக இருந்தும் இடமில்லை என்று வந்தால், ஐநோடுகளின் கணக்கைக் காட்டும் ‘டிஎஃப் -ஐ’ போட்டுப் பாருங்கள். எக்ஸ்ட்4-இல் ஐநோடுகளின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று என்று, தீர்மானமாகிவிடும். லட்சக்கணக்கில் பொடிக் கோப்புகள் குவிந்தால் இடத்துக்கு முன்னால் ஐநோடுகள் தீர்ந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் இன்னொரு அழைப்பு. போன மாதம் நடந்த ஒரு பரிமாற்றத்தில் தகராறு, அந்தப் பதிவுக் கோப்பிலிருந்து நாலு வரி வேண்டும் என்றார்கள். பெயர் போன பிறகும் 38 ஜிபியும் முழுசாக இருந்தது. அதை ‘சிபி’ கட்டளையால் ‘/புராக்/2147/எஃப்டி/5’ இலிருந்து வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு அதன் பிறகு காலி செய்திருக்கலாம். என் கையில் இருந்தது சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு எழுதப்பட்டது மட்டும்.